வேனுக்கு எண்ணெய் மாற்றிய ஞாயிற்றுக்கிழமை

ஹலோ... ஹலோ, யாருங்க, கொஞ்சம் சத்தமாப் பேசுங்க, காதுல ஒண்ணும் விழல... என் வீட்ல இல்லைங்க, பக்கத்து வீட்ல. புருஷனும் பொண்டாட்டியும் வாசல்ல நின்னு சண்டை... ஓ, நீங்களா அக்கா. நல்ல நேரத்துலதான் கூப்பிட்டீங்க. கத்துறது உங்க தம்பிதான்.

...வேனா? வேன் நிக்குது. என்னக்கா, சண்டைன்னு சொல்றேன், என்ன சண்டைன்னு கேக்காம வேன் நிக்குதா நகருதான்னு கேக்குறீங்க... சரி, சரி. கேட்டது தப்பில்ல.

...இல்லக்கா, அவ கத்தல. மெதுவாத்தான் பேசுறா. அதுதான் உங்க தம்பிக்கு இன்னும் எரியுது.

...ஃபோன் எடுக்கலையா? எப்படி எடுப்பாரு. சாப்பிட்டதிலிருந்து வேனுக்கு அடியிலதான் கிடந்தாரு. ஃபோன் ஜன்னல் கட்டையில கிடந்து தானா அதிர்ந்துக்கிட்டிருந்துச்சு... எட்டிப் பாக்கலைங்க. துணி எடுக்க மாடிக்குப் போனேன். கண்ணு இருக்கு, தெரியுது.

...ஆமா. ஆமாமா, எண்ணெய் மாத்துறாரு. இன்ஜினுக்கு இல்ல. கியர் பெட்டிக்கு ஒண்ணு, பின் சக்கரம் ரெண்டுக்கும் நடுவுல உருண்டையாத் தொங்குமே, கிரவுன், அதுக்கு ஒண்ணு. மெக்கானிக்கிட்ட விடலாம்னு அவ சொல்லியிருக்கா. "வீட்ல நான் ஒருத்தன் இருக்கும்போது எவனோ கை வைக்கணுமா"ன்னு இவரு. இத்தனை வருஷத்துல அந்த வேன் கண்ணாடியைத் துடைச்சுக் குடுத்து நான் பாத்ததில்ல. இன்னைக்குன்னு பாசம் பொத்துக்கிட்டு வந்திருக்கு... பாசக்காரருதான்க்கா. நான் இல்லைன்னு சொன்னேனா.

...சொல்றேன், இருங்க. பின்னாடி கிரவுன் நல்லபடியா முடிஞ்சுது. பழசை வடிச்சாரு, புதுசை ஊத்துனாரு, மூடினாரு. அதுவரைக்கும் உங்க தம்பி வாயில பாட்டு. கியர் பெட்டிக்கு வந்தப்பதான் வம்பு. அதுல ரெண்டு போல்ட்டு இருக்குதாம். அடியில ஒண்ணு, பழசு வடிய. பக்கத்துல கொஞ்சம் மேல ஒண்ணு, புதுசு ஊத்த. முதல்ல மேல் போல்ட்டு கழலுதான்னு பாத்துட்டுத்தான் அடி போல்ட்டைத் தொடணுமாம். ஏன்னா பழசு பூரா வடிஞ்ச பிறகு மேல் போல்ட்டு அசையலைன்னா... அதேதான். ஊத்த வழி கிடையாது. வண்டி கல்லு மாதிரி நிக்க வேண்டியதுதான்.

அவ சொன்னதை நானே காதால கேட்டேன். "முதல்ல மேல இருக்கிறதைக் கழட்டிப் பாருங்க"ன்னு. "நீ எனக்குச் சொல்லித் தர்றியா"ன்னு அடியில திறந்து விட்டுட்டாரு. பழசு பூரா வடிஞ்சுது, மேல் போல்ட்டு அசையவே இல்ல. ஐயோ, அந்த நாத்தம். அழுகுன முட்டையை அடுப்புல போட்ட மாதிரி. காயப்போட்ட போர்வையை மறுபடி ஊற வச்சிருக்கேன்.

...ம்... ம்... கை தவறுறது சகஜம்தான். யார் இல்லைன்னா. ஆனா நாளைக்குக் காலையில அவ வேனோட வெளியூர் ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கணும்ல. படுக்கை விரிப்பெல்லாம் வெளுத்துக் கொண்டுவந்து குடுக்குற வேலை. வேனைப் பாத்துட்டுத்தான் குடுப்பாங்களாம். நாளைக்கு வேன் போகலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும். அதோட இவ சலவைக் கடையும் முடிஞ்சுது. இந்த ஊர்ல யாரு இப்ப துணியை வெளியில வெளுக்கக் குடுக்குறா...

...தெரியும்க்கா. வேலை கிடைச்சா அந்த ஊருக்கே போயிடணும், உங்க தம்பியும் பின்னாடியே போகணும், உங்க வீட்டுக்கு நினைச்சப்ப வந்து போக முடியாது. தெரியும். இந்தத் தெருவுல தெரியாதவங்க யாரு.

...இப்பவா? இப்ப அவ டார்ச்சை எடுத்துக்கிட்டு அடியில போயிருக்கா. புடவையை வரிஞ்சு கட்டிக்கிட்டு. இவரு இடுப்புல கை வச்சு நிக்கிறாரு. இருங்க, ஏதோ சொல்றா... இருங்கன்னா. நீங்க பேசினா எனக்கு எப்படிக் கேக்கும்.

...அக்கா.

...இல்ல, ஒண்ணுமில்ல. வெளியில வந்துட்டா. போல்ட்டு தலை சப்பையாயிடுச்சாம். உளியை வச்சு சுத்தியலால அடிச்சிருக்காரு. கழலாத போல்ட்டை அடிக்கத்தான் செய்வாங்க. ஆனா அடி விழுந்த தழும்பெல்லாம் இறுக்குற பக்கமா இருக்குன்னு சொல்றா. கழட்டுற பக்கம் ஒண்ணு கூட இல்லையாம்.

...அதைத்தான் இவரும் சொல்றாரு. மல்லாந்து படுத்தா இடது வலது மாறிப்போகும்னு. அதுக்கு அவ என்ன கேட்டா தெரியுமா? "பின்னாடி கிரவுனுக்கும் மல்லாந்துதானே படுத்தீங்க, அங்க மாறலையா?" வேற ஒண்ணும் கேக்கல. உங்க தம்பி பம்பு மெக்கானிக்கு, அக்கா. காலையில எழுந்தா ராத்திரி வரைக்கும் கழட்டி மாட்டுற ஆளு. எந்தப் பக்கம் திருப்பினா கழலும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவாரு.

...நான் ஒண்ணும் முடிச்சுப் போடல. நீங்க ஏன் பதறுறீங்க. ஃபோனை எடுத்ததும் நீங்க முதல்ல கேட்டது வேன் நிக்குதா நகருதான்னு. எண்ணெய் மாத்துறாருன்னே நான் அப்ப சொல்லல. அது மட்டும் எனக்குள்ள உறுத்திக்கிட்டே இருந்துச்சு. நேத்து சாயங்காலம் அவரு மாடியில நின்னு ஃபோன்ல உங்ககிட்டதானே அவ்வளவு நேரம் குசுகுசுன்னு... சரி. பேசல. உங்க குடும்ப விஷயம்.

என்னம்மா? ...உங்களை இல்லக்கா, அவ கூப்பிடுறா. மதில் ஓரமா வந்து நிக்கிறா. என்னம்மா, புனலா? இருக்கு, சமையல்கட்டுல. நீளமா வாய் உள்ளதா? இரு, தர்றேன்.

...புனல்க்கா. எண்ணெய் ஊத்துற புனல். ஏன் குடுத்தேன்னா? கேட்டா, குடுத்தேன். புனல் குடுக்க உங்ககிட்ட அனுமதி வாங்கணுமா.

...எப்படி ஊத்துவான்னு எனக்கும் புரியலதான். வண்டிக்குள்ள ஏறிட்டா. கியர் கம்பியோட ரப்பர் பாவாடையை உருவுறா... கம்பியையே கழட்டிட்டா. அடேங்கப்பா. அதுக்குக் கீழ நேரா பெட்டிதானாம். அடி போல்ட்டை முதல்லயே அவளே இறுக்கிட்டா. தட்டுல வடிஞ்ச பழசை எடுத்து பாட்டிலால அளந்து வச்சா, அதே அளவு புதுசை மேல் ஓட்டை வழியா விடுறா. மெதுவா, குழந்தைக்கு மருந்து விடுற மாதிரி. உங்க தம்பி மூஞ்சியை நீங்க பாக்கணும். பாக்க வேண்டாம், விடுங்க.

...ஆமா... ஆமா... ஸ்டார்ட் பண்ணிட்டா. ஒவ்வொரு கியரா போட்டுப் பாக்குறா. முன்னாடி ஒரு அடி. பின்னாடி ஒரு அடி. நகருதுக்கா. நீங்க கேட்டீங்களே, நகருதான்னு. நகருது.

...கூப்பிட்டு ஃபோனைக் குடுக்கவா? இப்பவா? அவரு வண்டிக்கு முன்னால போய் நிக்கிறாரு. கையில அந்தக் கறுப்புத் தட்டு. எங்க வைக்கிறதுன்னு தெரியாம தூக்கிக்கிட்டே நிக்கிறாரு. அவ வீட்டுக்குள்ள போயி துணிப் பெட்டியைக் கொண்டுவந்து வண்டியில வச்சுட்டா. நாளைக்குக் காலையில கிளம்புறவ இன்னைக்கே... ஹாரன் கூட அடிக்கல. "சட்டையில ஊத்திக்காதீங்க, கறை போகாது"ன்னு சொல்றா. வெளுக்குறவ இல்லையா, அதான் கறையைப் பத்திச் சொல்றா.

...ஒதுங்கிட்டாரு. ஒதுங்கித்தானே ஆகணும்.

...என்னையா? என்னைச் சொல்றீங்களா? நான் குடும்பத்தைக் கெடுத்தேனா? ஒரு புனல் குடுத்ததுக்கா? உளி குடுத்தவங்களை விட்டுட்டு... ஹலோ... ஹலோ... வச்சுட்டாங்க.

அதன் பிறகு வெகு காலம் அந்த எண்ணிலிருந்து அழைப்பே இல்லை. வந்தபோது இப்படி வந்தது.

ஹலோ... யாரு... அக்காவா. நம்பர் அழிஞ்சுபோச்சு, குரல் அழியல... இருக்கேன், இருக்கேன்...

...கோர்ட்டுல எல்லாம் முடிஞ்சுதாமே. கேள்விப்பட்டேன்... அவளா? அந்த ஊர்லதான். ஆஸ்பத்திரி பின்னாலயே வீடாம். இப்ப ரெண்டு வேன், ஒண்ணுக்கு டிரைவர் போட்டிருக்காளாம். வந்தா, ஒரு தடவை. மீதி சாமானை எடுக்க. என் புனலைத் திருப்பிக் குடுக்கல. நானும் கேக்கல.

...உங்க தம்பி இங்கதான். அதே வீடு. வேன் நின்ன இடத்துல ஒரு கறுப்பு வட்டம் இருக்கு, சாயங்காலமானா அது பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்திருக்காரு. போகச் சொல்லி யாரும் இல்ல, வரச் சொல்லியும் யாரும் இல்ல...

...என்னது? பொண்ணு பாத்திருக்கீங்களா? அட. நல்லதுதான்... ம்... ம்... அவங்க அக்கம்பக்கத்துல விசாரிப்பாங்கன்னு என் நம்பரைக் குடுத்திருக்கீங்களா. ஓ. அதுக்குத்தான் இத்தனை நாள் கழிச்சு என் ஞாபகமா.

...சொல்றேன்க்கா. தங்கமானவருன்னு சொல்லணுமா? கை வேலையில கெட்டிக்காரருன்னு நிச்சயமா சொல்லுவேன். அதுல பொய்யே இல்ல.

...பொண்ணு என்ன பண்ணுது?

...தையல் கடையா? சொந்தமாவா?

...இல்லக்கா, சும்மாதான் கேட்டேன். மிஷினுக்கெல்லாம் எண்ணெய் விடுறது யாருன்னு கேக்கணும்னு தோணுச்சு... ஹலோ... இருங்க, இன்னொரு கால் வருது. புது நம்பரு. பொண்ணு வீடா இருக்கும். வைக்கிறேன்.