தெரு நல்லா ஆயிடுச்சு

— அந்த ஓரத்தைக் கொஞ்சம் தாங்கிப் பிடிங்க டீச்சர். இந்த ஸ்க்ரூ கழண்டுச்சுன்னா கண்ணாடி பொத்துன்னு விழுந்துடும்.

— பிடிச்சிருக்கேன் அண்ணே, நீங்க கழட்டுங்க. அப்போ பேக்கரிக்காரர் சொன்னது நிஜந்தான். சலூனைக் காலி பண்றீங்க.

— நான் எங்க பண்றேன், பண்ண வைக்கிறாங்க. மாசக் கடைசியோட கிளம்பிடணுமாம். ஓனர் வந்து சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போறாரு. ‘தெரு நல்லா ஆயிடுச்சு பாருங்க, இனிமே வர்ற ஆளுங்களே வேற’ன்னு. அது கிடக்குது விடுங்க. நீங்க எதுக்கு வந்தீங்க?

— ஞாயித்துக்கிழமை தோட்டம் திறக்கிறோம்ல. கமிட்டியில எல்லாரும் பேசிட்டோம். ரிப்பனை நீங்கதான் வெட்டணும். சரியா?

— எப்பவும் கையில கத்தரிக்கோல் இருக்குமேன்னு கூப்பிடுறீங்களா?

— விளையாடாதீங்க அண்ணே. குப்பைமேடா கிடந்த அந்த இடத்துல முதல் மண்வெட்டி போட்டது யாரு? நான் வீடு வீடாப் போய்க் கதவைத் தட்டினேன். ஜன்னல் வழியாப் பார்த்தாங்களே தவிர ஒருத்தரும் இறங்கி வரலை. நீங்க ஒருத்தர்தான் பாதி ஷேவிங்ல ஆளை உட்கார வச்சுட்டு வந்தீங்க.

— அந்த ஆளும் சோப்பு நுரையோட பின்னாலேயே வந்துட்டாரு, அதையும் சொல்லுங்க! மத்தவங்களைக் குத்தம் சொல்லாதீங்க டீச்சர். பயம். எரிஞ்சுபோன கார் ஒண்ணு நடுத்தெருவுல, காலை வச்ச இடமெல்லாம் உடைஞ்ச பாட்டிலு. பொழுது சாஞ்சா நானே ஷட்டரைப் பாதி இறக்கிட்டுத்தான் முடி வெட்டுவேன்.

— இப்போ எட்டிப் பாருங்க. ஆளுக்கொரு பாஷை பேசுறவங்க எல்லாம் ஒரே குழாயில தண்ணி பிடிச்சு ஊத்துறாங்க. பேக்கரிக்காரர் பேசுறது சைக்கிள் கடைக்காரம்மாவுக்குப் புரியாது, அந்தம்மா பேசுறது இவருக்குப் புரியாது. ஆனாலும் தக்காளிக்கு யார் குச்சி நடுறதுன்னு தினம் சண்டை.

— பஞ்சாயத்துக்கு என்கிட்டதானே வருவாங்க. ரெண்டு பேர் பாஷையும் எனக்குத் தெரியாது. அவருக்குத் தலையைப் பிடிச்சு விடுவேன், அந்தம்மாவுக்கு டீ வாங்கிக் கொடுப்பேன். முடிஞ்சது வழக்கு.

— இப்படிப்பட்ட மனுஷனை நாங்க விட்டுடுவோமா? தெருவே திரண்டு நிக்கும் அண்ணே. நானே கையெழுத்து வாங்குறேன். பேப்பர்காரங்களை வரச் சொல்றேன்...

— மெதுவா, மெதுவா. கண்ணாடியை ஆட்டாதீங்க. ஒரு விஷயம் சொல்லட்டா? தெரு கெட்டுக் கிடந்ததாலதான் எனக்கு இந்த இடமே கிடைச்சுது. நல்ல தெருவுல எல்லாம் என்னை வாசப்படி ஏற விடலை. இருட்டா இருந்தவரைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்ல. தெருவிளக்கு வேணும்னு உங்களோட சேர்ந்து கத்துனவனும் நான்தான்.

— அப்படிச் சொல்லாதீங்க. கேக்கவே கஷ்டமா இருக்கு.

— சரி, கையெழுத்து, பேப்பரு எல்லாம் எதுக்கு? ஓனர் மேல் மாடியிலதான் இருக்காரு. இதை இறக்கி வச்சுட்டு ரெண்டு பேருமாப் போவோம். நீங்க சொன்னாக் கேப்பாரு.

— இப்பவா?

— இப்பவேதான்.

— இல்ல... சாப்பிடுற நேரமா இருக்கும்.

— சாப்பிட்டு முடிக்கட்டும். எனக்கென்ன, வரிசையில ஆளா காத்துக்கிட்டு இருக்கு?

— நான் பேசினா சரியா வராது அண்ணே.

— நீங்களா இப்படிச் சொல்றீங்க? விளக்கு போட மாட்டேன்னு சொன்ன அதிகாரியை நாற்காலியை விட்டு எழுந்திருக்க விடாமப் பேசினவங்களாச்சே.

— கொஞ்சம் சும்மா இருங்களேன்!

— பிடி நழுவுது டீச்சர். கண்ணாடியை இறக்குங்க. அப்படித்தான், சுவத்துல சாய்ச்சு... ஆங். இந்த நாற்காலியில உட்காருங்க. தண்ணி தரட்டுமா?

— வேண்டாம். எனக்கு ஒண்ணும் செய்யாதீங்க. அண்ணே, இந்த இடத்தை யார் எடுத்திருக்காங்கன்னு ஓனர் சொன்னாரா?

— காபிக்கடை வருதுன்னாரு. யாரு என்னன்னு அவரு சொல்லலை.

— என் பொண்ணு. அவளும் மாப்பிள்ளையும்தான் எடுத்திருக்காங்க. தெருவுல இடம் ஏதாவது காலியானா முதல்ல எங்ககிட்ட சொல்லுங்கன்னு ஓனர்கிட்ட சொல்லி வச்சது நான். சத்தியமா உங்க இடத்தை மனசுல வச்சுச் சொல்லலை. மூலையில பூட்டிக் கிடக்கிற கடை கிடைக்கும்னு நினைச்சேன். அவர் இதைக் காட்டினப்ப வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. பொண்ணு முகத்தைப் பார்த்தேன். வேலை போனதுலேருந்து அவ அப்படிச் சிரிச்சு நான் பார்க்கலை. முழுங்கிட்டேன்.

— உங்க காலடியில ஸ்க்ரூ ஒண்ணு கிடக்குது, எடுத்துக் கொடுங்க.

— திட்டுங்க அண்ணே.

— திட்டினா? கண்ணாடி மறுபடியும் சுவத்துல ஏறிக்குமா?

— கமிட்டியில பேசினோம்னு சொன்னதும் பொய். ரிப்பன் யோசனை என்னோடதுதான். உங்களை மேடையில ஏத்தி நாலு பேர் கைதட்டிட்டா எனக்கு மனசு அடங்கிடும்னு நினைச்சேன். என்ன பொம்பளை நான்?

— அழாதீங்க. எனக்கு முன்னாடியே தெரியும்.

— தெரியுமா? யார் சொன்னது?

— உங்க பொண்ணேதான். டேப்பை எடுத்துக்கிட்டு அளக்க வந்துச்சு. ஒரு முனையை நான்தான் பிடிச்சேன். பாவம், நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கலை. நான் ஒண்ணு கேட்டேன். அம்மாவைக் கேட்டுத்தான் சொல்லணும்னு போயிடுச்சு.

— என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே. என்ன கேட்டீங்க?

— காபிக்கடையைக் கூட்டித் துடைக்க ஆள் வேணுமாமே டீச்சர். அந்த வேலையை எனக்குக் கொடுப்பீங்களா?