விரல்மேல் தங்க எழுத்து

— வெட்டி ஒட்டுறதுதானே திமோத்தி உன் தொழிலு? மூத்தவ சூசன் கல்யாணத்துல நான் அவ நெத்தியில சிலுவை போட்டு ஆசீர்வாதம் பண்ணேன். அந்தக் கைய எடுத்து இப்ப சின்னவ கல்யாண வீடியோவுல வையி. முடிஞ்சது.

— அமலநாதன் அங்கிள், நீங்க சொல்றது சுலபம் லா. சூசனும் அபிகெயிலும் ஒரே மாதிரியா இருக்காங்க?

— வெள்ளைச் சேல, வெள்ளை முக்காடு. மண்டி போட்டுக் குனிஞ்சா எந்தப் பொண்ணுன்னு யாருக்குத் தெரியும்?

— அதில்ல அங்கிள். சூசனோட ஒரிஜினல் எங்கிட்ட இல்ல.

— நீ எடுத்தது உங்கிட்ட இல்லாம எங்க போச்சு?

— ஒரு கல்யாணம் எடுத்தாலே டிஸ்க்கு ரொம்பிடும். அப்பவே போன் பண்ணேன்ல, ஒரு டிஸ்க்கு வாங்கிக் குடுங்க, எல்லாத்தையும் அப்படியே போட்டுத் தரேன்னு? 'வாட்ஸ்அப்ல போற அளவுக்குச் சுருக்கு, போதும்'னீங்க. சுருக்கிக் குடுத்துட்டு மத்தத அழிச்சிட்டேன்.

— சுருக்கினது இருக்குல்ல? அதுலேருந்து எடு.

— பாருங்க, போடறேன். உங்க கை வருது... நெத்திக்குப் போகுது... இப்ப?

— 'சூசன் வெட்ஸ் டாரில்.'

— தங்க எழுத்து. உங்க விரலு மேலயே. பெருசா போடுன்னது யாரு?

— நான்தான். இப்ப நானே சொல்றேன், தொடச்சிடு.

— படம், பாட்டு, எழுத்து எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்துதான் சுருக்கினேன். ஆத்தி வச்ச தே தாரிக் டீயிலேருந்து பால மட்டும் எடுக்க முடியுமா? அபிகெயிலோடது அப்படி இல்ல. ஒரிஜினல் தனி, வெட்டிப் பாக்கறதுக்குச் சின்ன நகல் தனி, பாட்டு தனி. எத வேணா மாத்தலாம்.

— அப்ப மாத்து!

— மாத்தறதுக்கு அதுல உங்க கையே இல்லையே அங்கிள். பின்னால கட்டிக்கிட்டு நிக்கிறீங்க. அபிகெயில் மண்டி போட்டபடியே நிமிந்து உங்களப் பாக்குது...

— போதும். நிறுத்து.

— சாரி அங்கிள்.

— அவளா ஒரு இந்துப் பையனப் பாத்துக்கிட்டா. என் கை ஒசராதுன்னு சொந்தக்காரங்க முன்னால சொன்னேன். நான் சொன்னா சொன்னதுதான். சர்ச்சுக்கு வந்ததே நாலு பேரு பேசக் கூடாதேன்னுதான்.

— அப்ப வீட்டுல எடுத்தத விட்டுடலாம். சர்ச்சு வாசல்லேருந்து ஆரம்பிக்கிறேன்.

— சம்பந்தியம்மா விடமாட்டாங்க. ஞாயித்துக்கிழமை கெலாங் பாத்தா வீட்டுல அவங்க சொந்தம் பூரா உக்காந்து பாக்கப் போறாங்க. 'பொண்ண ஆசீர்வாதம் பண்ணி அனுப்புனதத்தான் நாங்க பாக்கல, அத மொதல்ல போடச் சொல்லுங்க'ன்னு கிருஷ்ணம்மா போன்ல சொல்றாங்க. நான் என்ன பதில் சொல்ல? அப்பன் கைவைக்காத பொண்ணுன்னு என் மகள அங்க ஒருத்தரும் பேசக் கூடாது.

— அப்படின்னா ஒரே வழிதான். அபிகெயில வரச் சொல்லுங்க. அதே சேலையக் கட்டட்டும். நெசமாவே சிலுவை போடுங்க, எடுத்து உள்ள சேத்துடறேன்.

— 'ஊர் பாக்கறதுக்குக் கைய வைக்கிறேன், குனி'ன்னு சொல்லணுமா? அன்னைக்கு அழுதவ முன்னால இன்னைக்குப் போயி நிக்கணுமா?

— அலமாக்... அப்ப என்னதான் அங்கிள் பண்றது?

— எழுத்தோடயே எடு. மங்கலாக்கு, பூவத் தூவு, ஏதாச்சும் பண்ணு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க, நான் வந்து கேட்டது அபிகெயிலுக்குத் தெரியக் கூடாது.

— நேத்து அதுவும் இதே நாற்காலியில உக்காந்து இப்படித்தான் சொல்லிட்டுப் போச்சு.

— யாரு? என்ன சொன்னா?

— 'மாமியார் வீட்டுல எங்கப்பாவ ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லிடக் கூடாதுண்ணே. அக்கா மொகத்த மறைச்சிட்டு அப்பா கைய மட்டும் எனக்கு ஒட்டிக் குடுங்க. நான் கேட்டது அப்பாவுக்குத் தெரிய வேணாம்'னு.