கொல்லை வாசல் இல்லாத படம்

"இந்தப் படத்துல நான் எங்கிட்டு நடக்குறது?"

அந்தக் கேள்விதான் என்னைக் காது கொடுக்க வைத்தது. கீழக்கரையிலிருந்து இராமநாதபுரம் போகும் பஸ்ஸில், என் பின் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். திரும்பிப் பார்த்தேன். வெள்ளைத் துப்பட்டிக்குள்ளிருந்து வந்த அவள் கை, கணவர் மடியில் விரித்திருந்த வீட்டுப் படத்தைத் தட்டியது.

"மெதுவாப் பேசு. வீட்டை எடுத்துக் கட்ட இஞ்சினியர் போட்ட பிளான்."

"என் கூடப் பொறந்த லாத்தா வீட்டுக்குப் போற கொல்லை வாசல் எங்க? பொம்பளைக தெருவுல எறங்காம அது வழியாத்தானே வீட்டுக்கு வீடு போறோம்?"

"அங்கன சுவர் வருது. காத்துக்கு சன்னல் வச்சிருக்காரு."

"சன்னல்ல ஏறிக் குதிக்கவா? அவரு உள்ள வந்து பார்த்தாரா?"

"பொம்பளைக பொழங்குற எடத்துல அவரை எப்படி விடுறது? வாசல்ல வச்சு நானே சொன்னேன்."

"உங்களுக்கு என்ன தெரியும்? பாதி வருசம் சிலோன் கடையில. ஊருக்கு வந்தாலும் முன்வாசல்ல வாறீங்க, முன்வாசல்ல போறீங்க."

"இப்பக் கத்தி என்ன செய்ய? அவரு பீஸை இன்னைக்குக் குடுத்தாகணும். அடுப்படிக்கு ஓடு மாத்த நீ வச்சிருக்கிற காசை எடு. இல்லைன்னா என் மானம் போயிரும்."

படத்தை மடிக்கும் சத்தம் கேட்டது. அவள் குரல் தணியவில்லை.

"அது எங்க வாப்பா எனக்கு எழுதி வச்ச வீடு. என்னைக் கேக்காமப் போட்ட படத்துக்கு நான் ஏன் காசு குடுக்கணும்? வீட்டுக்குச் சொந்தக்காரன் இல்ல, அந்த வீட்டு மாப்பிள்ளைதான்னு இஞ்சினியருகிட்ட மொதல்லயே சொல்லியிருக்கணும் நீங்க."