கடைசி சீட்

மனிதன் கண்டுபிடித்தவற்றில் தலைசிறந்தது ப்ராக்ஸி. நெருப்பு, சக்கரம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். வகுப்பிலேயே இல்லாத ஒருவன் வகுப்பிலிருந்து "ப்ரசென்ட் சார்" என்கிறான். யோசித்துப் பாருங்கள், கூடு விட்டுக் கூடு பாய்ந்தவர்களுக்கே கைவராத வித்தை. நான் ஒரே மணி நேரத்தில் ஐந்து பேராக இருந்திருக்கிறேன். இதை நான் தற்பெருமையாகச் சொல்லவில்லை. வரலாறாகச் சொல்கிறேன்.

இந்தக் கலைக்கு எங்கள் கல்லூரியில் ஒரே எதிரி, புள்ளியியல் வாத்தியார். அவர் குரலை நம்பமாட்டார். பெஞ்சு பெஞ்சாக வந்து, குனிந்து, ஒவ்வொரு முகத்தையும் பார்த்த பிறகுதான் டிக் போடுவார். அவருக்கு நான் வைத்த பெயர் 'டார்ச்'. அவரை மாதிரி நான் நடந்து காட்டினால் விடுதியே விழுந்து புரளும்.

அன்றைக்கும் புரண்டார்கள். கரண்ட் போய் வெகுநேரம். மொட்டை மாடியில் பாய்களைப் போட்டு ஒட்டி உட்கார்ந்திருந்தோம். முதலாமாண்டுப் பையன் சுண்டெலிதான் ஆரம்பித்து வைத்தான்.

"அண்ணே, ஒரு பேய்க் கதை சொல்லுங்கண்ணே."

"கதை இல்லடா, நடந்தது. நம்ம ஒட்டடையோட சித்தப்பா வீட்டுல. என்னடா ஒட்டடை, சொல்லலாமில்ல?"

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நல்ல இருட்டு. ஒட்டடை அங்கேதான் சாய்ந்திருந்தான். ஆறடி உயரம், ஊதினால் பறப்பான், அதனால் அந்தப் பெயர். "ம்" என்றான்.

கதைக்கு ம் கொட்ட ஒரு ஆள் வேண்டும். சம்பந்தப்பட்டவனே கொட்டினால் இன்னும் விசேஷம். ஆரம்பித்தேன்.

மதியம் மூன்று மணி. ஆற்றோரச் சாலை. ஈ காக்கை இல்லை...

வெள்ளைக்காரன் கப்பலில் வந்து இறங்கிக் கட்டிய ஊர் அது. ஆள் உயர ஜன்னல்கள், எல்லாம் சாத்தியிருக்கும். சுண்ணாம்பு உதிரும் கிடங்குகள். சரக்கு இறக்குவதற்காக ஆற்றுக்குள் இறங்கும் கல் படிகள். இப்போது அதில் இறங்குவது பாசி மட்டும்தான். அந்தச் சாலையில் ஒரே ஒரு வண்டி. மலிவுக் கட்டணச் சுற்றுலா பஸ். ஒரே நாளில் எட்டு இடம். ஏசி உண்டு... வெளியே பெயிண்டில் எழுதியிருக்கும், அவ்வளவுதான்.

சித்தப்பா உதிரி பாகக் கடையில் கணக்கு பார்ப்பவர். "நான்கு பேர் வந்தால் ஐந்தாவது ஆள் இலவசம்" என்று விளம்பரம். சித்தப்பா, சித்தி, இரண்டு பிள்ளைகள். இலவச ஆள், சித்தப்பாவின் அக்கா. ஒட்டடைக்கு அத்தை.

அத்தைக்குக் கல்யாணம் ஆகவில்லை. துணிக்கடையில் நாளெல்லாம் நின்று, வாங்காமல் போனவர்கள் பிரித்துப் போட்ட துணியை எல்லாம் மடித்து, தம்பியைப் படிக்க வைத்தவர். முட்டி தேய்ந்ததும் தம்பி வீட்டோடு வந்துவிட்டார். சமையலறைக்குப் பின்னால் ஓர் அறை. இரவு தெருக்கதவைப் பூட்டும் முன் சித்தப்பா கூடத்தில் நின்றபடியே கேட்பார்.

"அக்கா?"

"இருக்கேன்."

பூட்டிவிடுவார். வருடக்கணக்காக இப்படித்தான். அந்த வீட்டில் அத்தை ஒரு குரல்.

"பாருங்கடா, ப்ராக்ஸி பரம்பரை" என்றேன். சிரித்தார்கள். தொட்டிப் பக்கமிருந்து "ம்" வந்தது.

இலவச ஆளுக்குத் தகுந்த இடம் கொடுத்தார்கள். கடைசி வரிசை. பக்கத்தில் ஸ்டெப்னி டயர், சுற்றிலும் எல்லாருடைய பைகளும். வழிகாட்டி ஓர் இளைஞன், கழுத்தில் விசில். பஸ்ஸில் அவன் பெயரே விசில்தான். ஒவ்வோர் இடத்திலும் ஊதுவான். எல்லாரும் ஓடி வந்து ஏறுவார்கள். படியில் நின்றபடியே வரிசை வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்து, முடிவில்...

"கடைசி சீட்?"

"இருக்கேன்."

"ரைட்!"

அந்தக் கல் படிகளுக்கு அவன் பத்து நிமிடம் ஒதுக்கினான். பயணத்திலேயே அத்தை சித்தப்பாவிடம் வாய் திறந்து கேட்டது அங்கேதான்.

"தம்பி, கொஞ்ச நேரம் தண்ணியில காலை வச்சுட்டு உட்கார்ந்துக்கவா? முட்டி ரெண்டும் எரியுது."

"போட்டோ எடுக்கவே நேரம் பத்தலைக்கா. வீட்டுக்குப் போய் பக்கெட்ல வச்சுக்கோ."

அத்தை செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். சித்தப்பா பிள்ளைகளைத் துருப்பிடித்த பீரங்கி மேல் ஏற்றி உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

விசில்...

"கடைசி சீட்?"

"இருக்கேன்."

ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? பதில்தான் வந்துவிட்டதே.

பஸ் பாலத்தில் ஏறியது. கீழே கரையில் ஒரு படகுக்காரர் இரண்டு கைகளையும் ஆட்டி ஆட்டி ஏதோ கத்திக்கொண்டிருந்தார். "பார்த்தீங்களா, இந்த ஊர்க்காரங்க ரொம்பப் பாசக்காரங்க" என்றான் விசில். பஸ்ஸே திருப்பிக் கை ஆட்டியது. சித்தப்பா வீடியோவும் எடுத்தார்.

அப்புறம் பழைய சுங்கக் கட்டடம். துரை குடியிருந்த மாளிகை. ஓடாத மணிக்கூண்டு. ஒவ்வொன்றிலும் விசில். ஒவ்வொன்றிலும் "இருக்கேன்."

பொழுது சாய்ந்தது. பஸ்ஸுக்குள் ஒரு வாசனை... ஆற்றுச் சேறு. நனைந்த சாக்கு. எங்கோ சொட்டுச் சொட்டாக விழும் சத்தம். யாரோ ஈரத் துண்டைப் பைக்குள் திணித்துவிட்டார்கள் என்று சித்தி மூக்கைப் பொத்திக்கொண்டார். சித்தப்பா ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து, "கடைசியில எங்க அக்கா இருக்காங்க, குடுத்துடுங்க" என்று பின்னால் அனுப்பினார். அது கை மாறிக் கை மாறிப் போனது. கடைசிக்கு முந்தின வரிசைக்காரர் திரும்பாமலே தலைக்கு மேல் நீட்டினார். ஒரு கை வாங்கிக்கொண்டது. விரல் பட்டது... ஐஸ்.

"அட, ஏசி வேலை செய்யுது!" என்றாராம்.

பஸ் சிரித்ததாம். நாங்களும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்கு நடுவில் மாடிக் கதவு கிரீச்சிட்டது. யாரோ படியிறங்கிப் போகும் செருப்புச் சத்தம். தண்ணீர் குடிக்கவோ என்னவோ.

"ஒட்டடை, கேக்குறியாடா?"

"ம்."

வீட்டு வாசலில் பஸ் நின்றபோது சித்தப்பா தோளில் ஒரு பிள்ளை, சித்தி தோளில் ஒரு பிள்ளை. பைகளை எப்போதும் அத்தைதான் கடைசியாக எடுத்துவருவார். ஆகவே பைகளைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டு வந்து பார்த்தால், கூடத்தில் பைகள் வரிசையாக இருந்தன.

"அக்கா?"

"இருக்கேன்."

பூட்டினார்.

பைகளின் கைப்பிடியெல்லாம் நனைந்திருந்ததைச் சித்தி பார்த்தது மறுநாள் காலையில். தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. ஆற்றங்கரை ஊர்ப் போலீஸ். ஒரு பெண்மணி, பாசியில் வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பில் செருகியிருந்த சுற்றுலாச் சீட்டை வைத்து வழிகாட்டியைப் பிடித்தால், "எங்க பஸ்ல யாரும் குறையலையே சார்" என்று இரவு முழுக்கச் சாதித்தானாம். படகுக்காரர் அத்தையை இழுத்துக் கரையில் போட்டபோது பஸ் பாலத்தின் மேல்தான் போய்க்கொண்டிருந்தது. கத்தினாராம். கை காட்டினாராம்.

"பஸ்ல இருந்தவங்க எல்லாரும் திருப்பிக் கை காட்டினாங்கன்னு சொல்றார் சார்" என்றது போலீஸ்.

சித்தப்பா போனை வைத்தார். கூடத்தில் நின்றபடியே... மெல்ல...

"அக்கா?"

சமையலறைக்குப் பின்னாலிருந்து, "இருக்கேன்."

போய் எல்லாக் காரியத்தையும் முடித்துவிட்டு வந்தார்கள். அந்த அறையை இன்றுவரை யாரும் திறக்கவில்லை. தினமும் இரவு பூட்டும் முன் சித்தப்பா கேட்கிறார். பதில் வருகிறது. பூட்டுகிறார். சித்திதான் ஒருமுறை, "உள்ள போய் ஒரு தடவை பார்த்துடுங்களேன்" என்றாராம்.

"இருந்தப்போ என்னைக்காவது பார்த்தேனா?" என்றாராம் சித்தப்பா.

முடித்துவிட்டேன். ஒருத்தனும் சிரிக்கவில்லை. நான் கைதட்டலை எதிர்பார்த்தேன், அதுவும் இல்லை. தொட்டிப் பக்கம் மட்டும் ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. அவனுடைய அத்தை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"டேய் ஒட்டடை... கோவமாடா?"

"ம்."

அதே "ம்". ஆரம்பத்திலிருந்து அதே அளவு, அதே இழுப்பு. கதவு கிரீச்சிட்டதற்கு முன்பும் அதேதான், பின்பும் அதேதான்.

சுண்டெலி என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். "கீழ போயிடலாம்ணே. எல்லாரும் இருக்காங்களான்னு ஒரு குரல் குடுங்க."

நான் குரல் கொடுக்கவில்லை. போனில் விளக்கைப் போட்டேன். பாயின் இந்த ஓரத்திலிருந்து ஆரம்பித்து, குனிந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன். யாரும் 'டார்ச்' என்று கத்தவில்லை. ஒவ்வொருத்தனும் தானாகவே முகத்தைத் தூக்கிக் காட்டினான்.

பாய் முடிந்தது, பாயில் ஒருத்தனும் குறையவில்லை. தொட்டி வந்தது.

"ஒட்டடை... பதில் வேணாம்டா. முகத்தைக் காட்டு."

"ம்."