வில்லோ ஊற்றுப் பாதை

எங்கள் மலைவண்டிச் சங்கக் கூட்டங்களில் நான் ஒருநாளும் குரலை உயர்த்திப் பேசியதில்லை, ஷெரீப். யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள். வெர்ல் ஹாஸ்லம் நிதானமான ஆள் என்றுதான் சொல்வார்கள்.

நாங்கள் கேட்டது நியாயமானது. யூட்டாவின் இந்தப் பாறை நிலம் பொதுமக்களுடையது. நடக்க முடிந்தவன் முதுகுப்பையோடு போகலாம், வண்டியில் போகிறவன் மட்டும் வேலிக்கு வெளியே நிற்க வேண்டும் என்றால் எப்படி? வில்லோ ஊற்றுக்குப் போகும் பாதையை நிலத்துறை மூடப்போகிறது என்று தெரிந்ததும் நான் டெல்மர் ஹாட்ச்சைத்தான் முன்னால் நிறுத்தினேன்.

டெல்மரைச் சுரங்க விபத்துக்கு முன்பிருந்தே எனக்குத் தெரியும். இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே போய்விட்டன. செயற்கைக் கால்களோடு வீட்டுக்குள் நடப்பான், பாறையில் முடியாது. அவனுக்காக ஒரு நாலு சக்கர பைக்கைக் கையாலேயே ஓட்டும்படி மாற்றிக் கொடுத்தேன். இருக்கையைப் பொருத்தியதும் நான்தான். அவன் படத்தைச் சுவரொட்டியில் போட்டோம். 'இவரை யார் சுமந்து செல்வார்கள்?' என்று கீழே எழுதினோம். எந்த அதிகாரியாலும் அதை நேருக்கு நேர் பார்க்க முடியவில்லை.

பாதையை மூடுவது பற்றி நிலத்துறை வைத்த விசாரணைக் கூட்டத்துக்கு முந்தைய வாரம் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி லுவான் பீச் பழங்களைப் புட்டிகளில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"வெர்ல், நான் மூடச் சொல்லித்தான் பேசப் போறேன்," என்றான்.

"என்னடா உளர்ற?"

"நேத்துப் போய்ப் பாத்தேன். ஊத்தா அது? சாக்கடை. டயர் தடத்துல தேரையெல்லாம் நசுங்கிக் கெடக்கு. ஆயில் மெதக்குது. ஒரே நாத்தம். நம்மாளுங்க பீர் டப்பாவ அதுக்குள்ளயே வீசிட்டுப் போயிருக்கானுங்க."

"நீ அப்பறம் எப்படிடா அங்க போவ?"

"போக மாட்டேன். அவ்ளோதான். காலு போனப்பவே செத்துடல, ஊத்தப் பாக்காட்டிச் செத்துடுவேனா?" என்று சிரித்தான். "மூஞ்சிய ஏன்டா புளிச்ச பால் குடிச்ச மாதிரி வெச்சிருக்க? பீச் தின்னு."

நான் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவன் மேல் எனக்கு அருவருப்பு வந்துவிட்டது. கருணை வழிகிற முகத்தை என்னால் பக்கத்திலிருந்து பார்க்க முடிவதில்லை. நான் தூக்கி நிறுத்திய ஆள், நசுங்கிய தேரைக்காக என்னை விற்கப் போகிறான்.

கோரின் ஃபெல்ட் என்ற பெண் அந்தத் தேரைகளை ஆராய்ச்சி செய்கிறவள். ஊற்றின் ஒரு பக்கத்தில் கம்பி வேலி போட்டிருந்தாள். அதிலிருந்து ஒரு துண்டை வெட்டினேன். பாதையின் மேட்டு வளைவில் இரண்டு ஜூனிபர் மரங்களுக்கு நடுவே கட்டினேன். அந்த இருக்கையில் உட்கார்ந்தால் டெல்மரின் கழுத்து எந்த உயரத்தில் வரும் என்று எனக்கு அளந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"கடைசியா ஒரு தடவ ரெண்டு பேரும் ஊத்துக்குப் போயிட்டு வரலாம்டா. அப்பறம் நீ என்ன வேணா பேசு," என்று கூப்பிட்டேன். சந்தோஷமாக வந்தான். முன்னால் போகச் சொன்னேன்.

உடனே முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி நடக்கவில்லை. அடைத்துக்கொண்ட தொட்டியில் தண்ணீர் இறங்குவதுபோல் ஒரு சத்தம் அவனிடமிருந்து வந்துகொண்டே இருந்தது. என் பையில் முதலுதவிப் பெட்டி இருந்தது. கவிழ்ந்த வண்டியிலிருந்து பெட்ரோல் ஒழுகி மணலில் ரத்தத்தோடு கலந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டான், பிசுபிசுவென்று. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, கையை மணலில் தேய்த்தேன். பிறகு கல்லில் உட்கார்ந்து, சத்தம் நிற்கும்வரை மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சவ அடக்கத்தன்று தேவாலயக் கூடத்தில் பன்றித்தொடையும் சீஸ் போட்ட உருளைக்கிழங்கும் பரிமாறினார்கள். நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். லுவான் என் தோளில் சாய்ந்து, "நீங்க கூட இருந்தீங்களே, அது போதும்," என்று மூக்குச் சளியோடு அழுதாள். சட்டையைத் துவைக்கப் போட வேண்டியதாயிற்று.

விசாரணைக் கூட்டத்தில் மேசை மேல் அவனுடைய செயற்கைக் கால்களை வைத்துவிட்டுப் பேசினேன். "இயற்கைய நேசிக்கிறவங்க செஞ்ச வேலை இது," என்றேன். அதிகாரிகளே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பாதையை மூடும் திட்டத்தைக் கைவிட்டார்கள். கம்பி அவள் வேலியுடையது என்று கோரினை நீங்கள் கைது செய்தீர்கள்.

நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் நீதிமன்ற வாசலில் அந்தப் பெண்ணின் அம்மாவைப் பார்த்தேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. குற்றமில்லாத பெண் சிறையில் வாடக்கூடாது. அதற்காக மட்டும்தான் வந்திருக்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள், டெல்மர் ஹாட்ச்சைக் கொன்றவன் நான்.

நேற்றுப் பாதை முகப்பில் பெயர்ப்பலகை நட்டார்கள். 'டெல்மர் ஹாட்ச் நினைவுப் பாதை' என்று செதுக்கியிருக்கிறது. அந்தப் பாதைக்காக அலைந்தவன் யார், கூட்டத்துக்குக் கூட்டம் பேசியவன் யார்? அவன் மூடச் சொன்னவன், ஷெரீப்.

கோரினை எப்போது விடுவீர்கள் என்பது உங்கள் வசதி. அந்தப் பலகையை மட்டும் இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.