எறிந்தது மூன்று முட்டை, ஐந்து அல்ல

04.08.2025 திங்கட்கிழமை காலை 11 மணிக்குக் காவல் நிலையத்தில் ஆஜரான பேட்ரிசியா, வயது 63, க/பெ. கிளமென்ட் (காலஞ்சென்றவர்), எண் 14, மூன்றாவது குறுக்குத் தெரு, பெர்னதெத் நகர், மன்னார்புரம், திருச்சிராப்பள்ளி என்பவர் கொடுத்த வாக்குமூலம். பதிவு செய்தவர்: சிறப்பு உதவி ஆய்வாளர் கலீல்.

நான் மேற்படி முகவரியில் இருபத்தாறு வருடங்களாகக் குடியிருந்து வருகிறேன். செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் கணவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர், நான்கு வருடங்களுக்கு முன் இறந்துவிட்டார். அவர் முசிறியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியில் கொண்டுவந்த ஒரு ஜோடி சிறுவிடை நாட்டுக்கோழியின் வழியில் வந்த மூன்று பெட்டைகளையும் ஒரு சேவலையும் வீட்டுக் கொல்லையில் வளர்த்து வந்தேன். சேவலுக்குப் பெயர் வைக்கவில்லை. கூப்பிட்டால் வராத ஒன்றுக்குப் பெயர் எதற்கு என்று என் கணவர் சொல்வார்.

என் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஜெய்சங்கர், வயது சுமார் 65, தன் மனைவி அமிர்தத்துடன் குடியிருந்து வருகிறார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் நகர் குடியிருப்போர் நலச்சங்கத்தின் செயலாளர். நேற்று மாலை நடந்த சங்கக் கூட்டத்தில் நான் மேற்படியார் மீது ஐந்து அழுகிய முட்டைகளை எறிந்து அவமானப்படுத்தியதாக மனு கொடுத்திருக்கிறார். மனுவை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். எறிந்தது உண்மை. ஐந்து என்பது பொய். மூன்று. முப்பத்தைந்து வருடம் வங்கியில் உட்கார்ந்திருந்தவருக்கு மூன்றுக்கும் ஐந்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மேற்படி ஜெய்சங்கர் தினமும் காலையில் நடைப்பயிற்சி முடித்துவிட்டு என் வாசலில் வந்து நின்று முட்டை கேட்பார். சேவலோடு திரியும் கோழியின் முட்டைதான் முட்டை, கடை முட்டை வெறும் சக்கை என்று நகர் வாட்ஸ்அப் குழுவில் வாரம் தவறாமல் எழுதுவார். நானும் வாரம் நான்கு முட்டை சும்மாவே கொடுத்து வந்தேன். பச்சையாக உடைத்துக் குடிப்பதாகச் சொன்னார். அதன் பிறகு கடந்த ஜூன் மாதம் அதே மனிதர், அதிகாலை நாலரை மணிக்குச் சேவல் கூவுவதால் தனக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று மாநகராட்சிக்கு ஒரு மனு எழுதி, இருபத்திரண்டு வீடுகளில் கையெழுத்து வாங்கினார். அந்த இருபத்திரண்டில் ஒன்பது வீடுகளில் நாய் இருக்கிறது, ராத்திரி முழுவதும் குரைக்கிறது. கடைசியில் என்னிடமும் தாளை நீட்டினார். "யாரையும் குறிப்பிட்டு எழுதலைங்க மேடம். பொதுவாத்தான் எழுதியிருக்கோம்" என்றார். எங்கள் நகரில் இருந்ததே ஒரு சேவல்தான்.

மாநகராட்சியிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார். அதன் பிறகு தெருவில் என்னோடு பேசுவதைச் சிலர் நிறுத்திக்கொண்டார்கள். எனக்கும் சலித்துப் போனதால் 30.06.2025 அன்று சேவலை மணப்பாறையில் இருக்கும் என் கொழுந்தன் மகன் பிரவீன்ராஜிடம் ஒப்படைத்தேன். கண்ணை இமை காப்பது போல் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வாங்கிக்கொண்டான். மூன்றாம் நாள் போன் செய்து கேட்டதற்கு, "பெரியம்மா, திடீர்னு விருந்தாளி வந்துட்டாங்க" என்று சொன்னான். அவனைப் பற்றி இதற்கு மேல் எழுதிக் காவல் நிலையத்துத் தாளை வீணாக்க வேண்டாம்.

சேவல் போன பிறகும் ஒரு வாரம் பத்து நாள் வரை பெட்டைகள் இடும் முட்டை பொரிக்கும். இது கோழி வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்த நாட்களில் மூன்று பெட்டைகளும் இட்டதில் நல்லதாகப் பதினொரு முட்டைகளை எடுத்து வைத்தேன். என் கணவர் கொண்டுவந்த ஜோடியின் வழியில் சேவல் ஒன்று வர வேண்டுமானால் இந்தப் பதினொன்றிலிருந்துதான் வர வேண்டும். வேறு வழி கிடையாது. 10.07.2025 வியாழக்கிழமை அன்று கூடையில் வைக்கோல் பரப்பி, இடிக்கு முட்டை கலங்காமல் இருக்க ஒரு துருப்பிடித்த ஆணியும் இரண்டு காய்ந்த மிளகாயும் ஓரத்தில் வைத்து, செம்பட்டைக் கோழியை அடை வைத்தேன். மற்ற கோழிகள் புகுந்து புதிதாக முட்டையிட்டால் அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காகப் பதினொரு முட்டைகளிலும் அடுப்புக்கரியால் சிலுவை போட்டேன். நர்ஸாக இருந்தவர் ஆணி வைக்கலாமா என்று இதை எழுதிக்கொண்டிருந்த அய்யா கேட்டார். வைத்தேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

அதன் பிறகு 12.07.2025 அன்று என் தங்கை மகள் ஆன்சியின் கல்யாணத்துக்காக முசிறிக்குப் போக வேண்டியிருந்தது. கொல்லைக் கதவுச் சாவியை அமிர்தத்திடம் கொடுத்து, மூன்று நாள் தீனியும் தண்ணீரும் வைக்கச் சொன்னேன். பக்கத்தில் நின்ற ஜெய்சங்கர், "அவளுக்கு முட்டி வலிங்க. நான் பாத்துக்கிறேன் மேடம். பெட்டிஷன் வேற, பழக்கம் வேற" என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டார். அதை நம்பியது என் புத்திகெட்டத்தனம். இதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

14.07.2025 மாலை திரும்பி வந்தபோது மேற்படியார் வலது புறங்கையில் துணி சுற்றியிருந்தார். கேட்டதற்கு ரோஜா முள் குத்திவிட்டது என்றார். அவர் வீட்டில் மண்ணே கிடையாது. வாசல் முதல் கொல்லை வரை டைல்ஸ் பதித்திருக்கிறார். ஆனாலும் காயம் சீழ் வைக்கிற மாதிரி இருந்ததால் நானே கழுவி மருந்து வைத்துக் கட்டுப்போட்டேன். மூன்று நாள் தொடர்ந்து கட்டுப்போட்டேன். "உங்க கை ராசிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

31.07.2025 அன்று இருபத்தொன்றாம் நாள். ஒரே ஒரு குஞ்சு பொரித்தது. மேலும் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். வேறு எதுவும் ஓடு கீறவில்லை. வயதான சேவல், அதனால்தான் பத்தும் வீணாகிவிட்டது என்று நினைத்தேன். குழம்பாகிப் போன ஒன்றைப் பற்றி அப்படி நினைத்ததற்கு இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

02.08.2025 காலையில், உள்ளே உயிர் இருந்தால் முட்டை தண்ணீரில் அசையும் என்பதால், ஒரு வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து அந்தப் பத்து முட்டைகளையும் மெதுவாகப் போட்டேன். எதுவும் அசையவில்லை. சிறிது நேரத்தில் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியது. கையில் எடுத்துத் தேய்த்ததும் பழுப்பு முட்டை வெள்ளை முட்டையாகிவிட்டது. கடையில் விற்கும் வெள்ளை முட்டையை டீத்தண்ணீரில் ஊறவைத்து நாட்டுக்கோழி முட்டை என்று ஏமாற்றுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் வீட்டுக் கோழியையே அப்படி ஏமாற்றுவார்கள் என்று நினைக்கவில்லை. இருபது நாள் இடையில் எழுந்து நன்றாகத் தின்னாமல் அது அந்தச் சனியன்களை அடைகாத்திருக்கிறது. மேலும் நான் கரியால் போட்ட சிலுவை மூன்று வாரத்தில் கோழியின் உடம்பு பட்டு அழிந்துவிடும். பொரித்த முட்டையின் ஓட்டில் அது பாதி அழிந்திருந்தது. இந்தப் பத்திலும் டீ போன பிறகும் சிலுவை போகவில்லை. கறுப்பு ஸ்கெட்ச் பேனாவில், ஸ்கேல் வைத்து அளந்தது போல் போட்டிருந்தது. திருடுவதற்கும் ஒரு ஒழுங்கு வேண்டும் என்று நினைப்பவர் எங்கள் தெருவில் ஒருவர்தான்.

நேற்று 03.08.2025 மாலை ஐந்து மணிக்கு நகர் பூங்காவில் சங்கக் கூட்டம் நடந்தது. ஆடிப்பெருக்கு என்பதால் பாதிப் பேர் குடும்பத்தோடு ஆற்றங்கரைக்குப் போயிருந்தார்கள். மீதம் இருந்த பதினைந்து பேருக்கு ஜெய்சங்கர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நம் நகர் ஒலித்தொல்லை இல்லாத நகராகிவிட்டது என்று நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். நான் பத்து முட்டைகளையும் வாளியோடு கொண்டுபோய் அவர் முன்னால் மேஜையில் வைத்தேன். "சார், இதுல எது உங்க முட்டை, எது என் கோழி முட்டைன்னு பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டேன். அவர் வாளியைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்து, "மேடம் மனசு கஷ்டத்துல இருக்காங்க. சேவல் வயசானதுங்க, அதான் பொரிக்கலை. இயற்கை" என்று சொன்னார். சிலர் சிரித்தார்கள்.

அப்போது பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அமிர்தம் எழுந்து நின்றார். அவர் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததே இல்லை. "ஏங்க, அந்தச் சேவலை ஏன் சொல்றீங்க. நீங்கதானே பத்தையும் எடுத்துட்டு வந்தீங்க" என்று சொன்னார். அதன் பிறகு என் பக்கம் திரும்பி, "அக்கா, குடிக்கலாம்னு ஒண்ணை உடைச்சாரு. உள்ள செவப்பா நரம்பு மாதிரி ஓடியிருந்துச்சு. சரி, அடுத்தது நல்லா இருக்கும்னு அதையும் உடைச்சாரு. அப்படியே பத்தையும் உடைச்சு சிங்க்ல ஊத்திட்டாரு. அங்க பதினொண்ணாவதை எடுக்கும்போதுதான் கோழி கொத்திருச்சு, அதை மட்டும் விட்டுட்டு வந்திருக்காரு. சாயங்காலம் என்னைத்தான் டீத்தூள் போட்டுக் காய்ச்சச் சொன்னாரு. என்னை மன்னிச்சிருங்கக்கா" என்று சொன்னார்.

நான் செவிலியர். பிரசவ வார்டில் பதினேழு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். மூன்றாம் நாள் முட்டையில் சிவப்பாக ஓடுவது என்ன என்று எனக்குத் தெரியும். முதல் முட்டையிலேயே அது அவருக்கும் தெரிந்திருக்கும். தெரிந்த பிறகும் ஒன்பது முட்டைகளை உடைத்திருக்கிறார். உடைத்ததும் ஆசையில் அல்ல, ஒன்றாவது குடிக்கத் தேறாதா என்ற அற்பத்தனத்தில். இப்படிப்பட்ட ஆளுக்கா நான் காயம் கழுவிக் கட்டுப்போட்டேன் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அதன் பிறகு வாளியிலிருந்து ஒரு முட்டையை எடுத்து அவர் மீது எறிந்தேன். அது சட்டைப் பையில் பட்டு உடைந்தது. இரண்டாவது அவர் மார்போடு அணைத்துக்கொண்ட மனுக் கோப்பில் பட்டது. மூன்றாவது எறிவதற்குள் அவர் ஓடிவிட்டதால் அது சங்கத்தின் பெயர்ப்பலகையில் பட்டது. நாற்றத்தில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு கலைந்தார்கள். அய்யா இந்த இடத்தில் "பழைய முட்டை" என்று எழுதினார். கூமுட்டை என்று எழுதச் சொன்னேன். அடித்துவிட்டு எழுதினார்.

மீதி ஏழு முட்டைகளைச் சாட்சிப் பொருளாக வாளியோடு கொண்டுவந்தேன். நிலையத்துக்குள் வைக்க வேண்டாம் என்று சொன்னதால் வாசலில் வேப்பமரத்தடியில் மூடி போட்டு வைத்திருக்கிறேன். ஜெய்சங்கரும் வாசல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார். வாளியிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளி உட்கார்ந்திருக்கிறார்.

சமாதானமாகப் போகலாம் என்று சொல்லி அவர் எழுதிக் கொடுத்த தாளில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, முட்டை எறிந்ததற்கு நான் வருத்தம் தெரிவிக்க வேண்டும். இரண்டு, இனி என் வீட்டில் சேவல் வளர்க்க மாட்டேன் என்று எழுதித்தர வேண்டும். முதலாவதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்த வீட்டில் சட்டையைத் துவைக்கப் போவது அமிர்தம்தான், அதற்காக எனக்கு உண்மையிலேயே வருத்தம். இரண்டாவதற்குக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டேன். அதற்காக என் மீது வழக்குப் போட வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளட்டும்.

பொரித்த ஒரு குஞ்சு நன்றாக இருக்கிறது. நொய் பொறுக்குகிறது. தாய்க்கோழி பதினொன்றை மூடுகிற அளவுக்கு இறகை விரித்து அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. காலையில் நிலையத்துக்குக் கிளம்பும்போது அதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். குஞ்சு சேவலா பெட்டையா என்று இப்போது தெரியாது, இரண்டு மாதமாவது ஆகும். பெட்டை என்றால் மேற்படியார் பயப்பட வேண்டியதில்லை. சேவல் என்றால் நான் சொல்லியனுப்பத் தேவையில்லை, ஒருநாள் விடியற்காலை நாலரை மணிக்கு அவரே தெரிந்துகொள்வார்.

இதில் கண்டவை யாவும் நானே சொன்னவை, யாரும் சொல்லிக்கொடுத்தோ மிரட்டியோ சொல்லவில்லை. எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. ஐந்து என்று இருந்த இடத்தில் மூன்று என்று திருத்தியிருப்பதைப் பார்த்து, சரி என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
கி. பேட்ரிசியா