இரண்டாம் பக்கத்து முதல் பாட்டு

வண்டியோடு கம்பெனிக்காரன் மாட்டிக் கொடுக்கிற ஸ்பீக்கர் ஆறு வருஷத்துக்கு மேல் உழைக்காது சார். கண்ணாடி இடுக்கு வழியாக மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்கும். ஸ்பீக்கரில் இருக்கிற காகிதம் நனையும், காயும், மறுபடி நனையும், கடைசியில் அப்பளம் மாதிரி விரிசல் விடும். அப்புறம் எந்தப் பாட்டைப் போட்டாலும் தொண்டை கட்டினவன் பாடுகிற மாதிரிதான் இருக்கும். எங்கள் லாரி எண்பத்தேழில் வந்தது. இந்தத் தொண்ணூற்று மூன்றில் இரண்டு கதவு ஸ்பீக்கரும் கிழிந்துவிட்டன, மாற்றினேன். எதற்கு மாற்றினாய் என்று கேட்டீர்கள். வரிசையாகச் சொல்கிறேன், ஏட்டையா நிதானமாக எழுதிக்கொள்ளட்டும்.

என் பெயர் சுப்பையன், மூலனூர்ப் பக்கம். கிணறு வற்றிய பிறகு தோட்டத்தை விட்டுவிட்டுத் திருப்பூர் வந்து ஸ்டீயரிங் பிடித்தேன். பதினொரு வருஷமாகப் பெருமாள்சாமி முதலாளியின் பனியன் கம்பெனியில் டிரைவர். துணி ரோலைச் சாயப்பட்டறைக்குக் கொண்டுபோவேன், சாயம் ஏறினதைத் திருப்பிக் கொண்டுவருவேன். இத்தனை வருஷத்தில் ரோட்டில் ஒரு கோழியைக்கூட அடித்தவனில்லை. தங்கச்சி தெய்வாத்தாள் அதே கம்பெனியில் செக்கிங் வேலை. அப்பனும் ஆத்தாளும் போன பிறகு அவளை வளர்த்தது நான். அவளுக்கு ஆகட்டும் என்று என் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டேன், அப்படியே போய்விட்டது. அதைச் சொல்லிக்காட்டுகிற ஆள் இல்லை நான்.

லோடுமேன் பெயர் வெள்ளையன். காலனிக்காரன். நல்ல வேலைக்காரன், அதை மறுக்கமாட்டேன். தோளுக்கு ஒரு ரோலைப் போட்டுக்கொண்டு பலகையில் ஏறினால் பலகை கூட ஆடாது. கேபினில் இடம் இருந்தாலும் ரோல் மேல்தான் உட்கார்ந்து வருவான். நான் வராதே என்று சொன்னதில்லை, வா என்றும் சொன்னதில்லை. எனக்கு அவன் மேல் பகை ஒன்றும் கிடையாது. அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் தொழில்முறை உங்களுக்குத் தெரிய வேண்டும். ரோலை உச்சி வரைக்கும் அடுக்கிவிட்டால் டிரைவருக்குப் பின்னால் ஒன்றும் தெரியாது. பின்னால் நிற்கிறவன் கைதான் கண். வண்டிப் பாடியில் இரண்டு தட்டுத் தட்டினால் வரலாம், ஒற்றைத் தட்டு என்றால் நிற்க வேண்டும். சாயப்பட்டறையில் வண்டி உயரத்துக்குச் சிமெண்ட் திட்டு கட்டியிருக்கிறது. மற்ற கம்பெனியில் தூரத்திலேயே பின்கதவைத் திறந்துவிட்டுத்தான் ரிவர்ஸ் வருவார்கள். நாங்கள் கொஞ்சம் கூடுதலாக அடுக்குகிறவர்கள், முன்னாலேயே திறந்தால் ரோல் சரிந்து சேற்றில் விழும். அதனால் திட்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது ஒற்றைத் தட்டுத் தட்டி நிறுத்திவிட்டு, வெள்ளையன் நடுவில் புகுந்து பின்கதவுக் கொண்டியைக் கழற்றுவான். தப்பான முறைதான். ஆனால் பதினொரு வருஷத்தில் ஒருத்தனுக்கும் ஒன்றும் ஆனதில்லை.

ஆடி மாசம் ஒரு மத்தியானம் தெய்வா எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"ஏனுங்கண்ணா, கோவிச்சுக்காதீங்க. நானும் வெள்ளையனும் ரிஜிஸ்டர் ஆபீசுல எழுதிக் குடுத்துட்டம். ஆவணியில கல்யாணங்க."

நான் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னேன். அவளுக்கு அதில் தைரியம் வந்துவிட்டது போலிருக்கிறது.

"நீங்க அவரை மாப்பிள்ளைன்னு கூப்பிட வேண்டாமுங்க. பேரைச் சொல்லியாச்சும் கூப்பிடுங்க. எப்பப் பாத்தாலும் டேய்தானுங்களா?"

நியாயமான கேள்வி. "யோசிக்கறேன் கண்ணு" என்றேன். யோசித்தேன்.

எங்கள் ஊரில் பங்காளிகள் இருக்கிறார்கள். விஷயம் அவர்கள் காதுக்குப் போனால் இரண்டு பேரையும் ஒரே வரப்பில் போட்டு வெட்டுவார்கள். நான் கூடப்பிறந்தவன், எனக்கு அவள் உயிரோடு வேண்டும். இரண்டு உயிர் போகிற இடத்தில் ஒன்றோடு முடிந்தால் நல்லதுதானே? நீங்களே சொல்லுங்கள் சார். வேறு யாராவது இந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டிருந்தால் நான் ஒதுங்கியிருப்பேன்.

ஸ்பீக்கர் அப்போதுதான் ஞாபகம் வந்தது. சத்தத்தில் தட்டினது கேட்கவில்லை என்றால் கவனக்குறைவு, சில மாச ஜெயிலோடு போய்விடும். காதர்பேட்டைக்குப் பின்னால் சந்தனம் என்று ஒருத்தன் ஸ்பீக்கர் கடை வைத்திருக்கிறான். டில்லி சரக்கு, பழசைவிட இரண்டு மடங்கு அகலம். கதவுத் தகரத்தை வெட்டித்தான் உட்கார வைக்க வேண்டியிருந்தது. ஸ்குரூ ஓட்டை எதுவும் பொருந்தவில்லை. வெள்ளையன்தான் கதவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். தகரம் அதிரக்கூடாது என்று பழைய டியூப் ரப்பரை வளையமாக வெட்டிக் கொடுத்ததும் அவன்தான். சந்தனம் பாட்டைப் போட்டதும் எதிர்க்கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். வெள்ளையன் சிரித்துக்கொண்டே கேட்டான்.

"இத்தன சத்தம் வெச்சா நாந் தட்டறது உங்களுக்குக் கேக்குமுங்களாண்ணா?"

"கேக்கும்டா" என்றேன். கடைசியில் அதுதான் நடந்தது.

எட்டு நாள் போகிற இடமெல்லாம் பாட்டை அலறவிட்டேன். வாட்ச்மேன் காதைப் பொத்திக்கொண்டான். முதலாளியே ஆபீஸ் வாசலுக்கு வந்து, "ஏப்பா சுப்பையா, கம்பெனிய கல்யாண ஊடு ஆக்கிப்போட்டயே" என்றார். எல்லோருக்கும் தெரியட்டும் என்றுதான் செய்தேன். வண்டியில் இருந்த ஒரே நல்ல கேசட் தெய்வாவுடையது. அவளே பாட்டைப் பொறுக்கியெடுத்து, கடையில் கொடுத்துப் பதிந்து, அட்டையில் ஒவ்வொன்றாகக் கையால் எழுதி வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணி. சாயப்பட்டறைச் சந்துக்குள் திரும்புகிறேன், முதல் பக்கம் முடிந்து டக்கென்று கேசட் வெளியே துருத்திவிட்டது. எனக்கு அது உறைக்கவே இல்லை, ரிவர்ஸ் கியர் போட்ட பிறகுதான் எவ்வளவு அமைதி என்று தெரிந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். சத்தத்தில் கேட்காமலே முடிந்திருந்தால் அதை விபத்து என்று நானே நம்பியிருப்பேன், அதற்காகத்தான் அவ்வளவு பெரிய ஸ்பீக்கர்.

இரண்டு தட்டு. இரண்டு தட்டு. அப்புறம் ஒற்றைத் தட்டு. நிறுத்தினேன். அவன் உள்ளே புகுந்தான். கொண்டி கழல்கிற சத்தம்கூடக் கேட்டது. கிளட்சை விட்டேன்.

ஒற்றைத் தட்டு வந்தது. இன்னொரு ஒற்றைத் தட்டு. "அண்ணா, நில்லுங்க" என்றான், அதிகாரமாக இல்லை, மரியாதையாகத்தான் சொன்னான். மூன்றாவதாக ஒன்று தட்டினது கையால் இல்லை, தலையால் என்று பிறகு தெரிந்தது. விலா ஒடிகிற சத்தம் பெரிதாக இல்லை, எங்கள் தோட்டத்தில் காற்றுக்கு முருங்கைக் கிளை முறிகிற மாதிரிதான். வண்டியை ஒரு முழம் முன்னால் எடுத்தேன். கண்ணாடியில் ஒன்றும் தெரியாததால் இறங்கிப் போய்ப் பார்த்தேன். திட்டில் சாய்ந்தபடி நின்றுகொண்டிருந்தான், வாயில் ரத்தம், என்னைப் பார்த்தான். நான் திரும்பிவந்து ஏறி மறுபடி ரிவர்ஸ் எடுத்தேன். அப்போதுதான் கத்தினான். ஒரே ஒரு தடவை.

அதற்குப் பிறகு கேசட்டைத் திருப்பிப் போட்டு சத்தத்தைக் கடைசிவரை வைத்தேன். ஆட்கள் ஓடிவரும்போது பாட்டு அலறிக்கொண்டிருந்தது. நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் என்னைத்தான் தேற்றினார்கள்.

கலர் ஒத்துப் பார்க்கத் தெய்வா பஸ் ஏறி முன்னாலேயே அங்கே வந்திருந்தது எனக்குத் தெரியாது. உள்ளே இருந்து வந்தாள். ஆட்கள் வண்டியை முன்னால் தள்ளினதும் அவனை மடியில் போட்டுக்கொண்டாள். சாயம் ஏறாத வெள்ளைத் துணியை ரோலிலிருந்து இழுத்து இழுத்து நெஞ்சில் வைத்தாள், ஒவ்வொன்றும் சிவந்துகொண்டே வந்தது. அவன் அடங்கின பிறகு எழுந்து கேபினுக்கு வந்தாள். அழவில்லை. கையை நீட்டி டேப்பை அணைத்தாள்.

"இது ரெண்டாம் பக்கத்து மொதப் பாட்டுங்கண்ணா" என்றாள். "அவரு கத்துனதுக்கு அப்புறந்தான் ஆரம்பிச்சுது. அதுக்கு மின்னால பாட்டே இல்லீங்க. அவரு தட்டுனது உள்ள இருந்த எனக்கே கேட்டுச்சு."

உங்களிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறாள் என்று ஏட்டையா சொன்னார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள், ஒரு வார்த்தை கூடுதல் இல்லை. வெள்ளையனைக் கொன்றது நான்தான், தெரிந்தே, கேட்டுக்கொண்டே. எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

ஒன்றே ஒன்று சார். தெய்வாவுக்குக் கோபம் நாலு நாள்கூட நிற்காது, சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். கேஸ் முடிந்ததும் அந்த ஸ்பீக்கரைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிடுங்கள், வீட்டு டேப்பில் மாட்டிக்கொள்வாள். அண்ணன் வாங்கித் தந்தது என்று பத்திரமாக வைத்துக்கொள்வாள்.